பெண் என்றே இருக்கட்டும்

மனக்காயங்களை மூளையில் தேடிக் காட்டும் வடுமானியின் திரை சிவந்தது. "சிறுவயதில் பாலியல் கொடுமை. ஆழமான வடு. உடனே சிகிச்சை தேவை."

தலைவளையத்தோடு உட்கார்ந்திருந்த ரொசாரியோவுக்குக் காது மடல்கள் எரிந்தன. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். டியூஷன் வாத்தியார் வீட்டில் பத்து வயதில் நடந்ததை மனைவி பிலோமினாவிடம்கூடச் சொன்னதில்லை.

"அய்யோ, மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்றாள் நர்ஸ் இசக்கியம்மாள். "முன்னால வந்த அக்காவுக்குப் பெண்ணுன்னு போட்டத மாத்தாம விட்டுட்டேன்."

அவள் 'ஆண்' என்று மாற்றினாள். சிவப்பு மறைந்தது. "முன்கோபம். மது நாட்டம். நடைப்பயிற்சி போதும்."

"அதே மண்டைதானம்மா?"

"மிஷின் அப்படித்தான் படிச்சிருக்கு. தனக்கு நடந்ததச் சொன்னவங்க பூராம் பொம்பளைங்க. அவங்க மூளைய வச்சுத்தான் வடு எதுன்னு அதுக்குத் தெரியும். ஆம்பளைங்க யாரும் வாயத் திறக்கலையே."

ரொசாரியோ வாசல்வரை போனான். குடித்துவிட்டுக் கத்திய இரவுகளும், கதவோரம் ஒடுங்கி நின்ற பிலோமினாவும் நினைவுக்கு வர, திரும்பி வந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே, "பெண்ணுன்னே இருக்கட்டும் தங்கச்சி" என்றான்.

அவள் மாற்றிப் போட்டாள்.

சிகிச்சைக் கூடத்தில் காத்திருந்தவர்களில் பாதிப்பேர் மீசை வைத்தவர்கள். எல்லோரும் பெண்கள் என்றே பதிவானவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனாலும் சிகிச்சை பலித்தது. ரொசாரியோ குடியை விட்டான், நிம்மதியாகத் தூங்கினான். பிலோமினா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

ஆண்டு முடிவில் ஒருநாள் குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தொலைக்காட்சியில் சுகாதார அமைச்சர் பெருமையாகச் சொன்னார்: "சிகிச்சைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். ஆண் ஒருவர்கூட இல்லை. ஆகவே பள்ளிகளில் இனிப் பையன்களுக்கு வடுமானிச் சோதனை கிடையாது. அந்தப் பணம் முழுவதும் பெண் குழந்தைகளுக்கே."

"நல்லதுதான். ஆம்பளப் பயலுக்கு என்ன வந்துரப் போகுது?" என்றாள் பிலோமினா.

ரொசாரியோ தொலைக்காட்சியை அணைத்தான். ஒருவர்கூட இல்லை என்ற அந்தக் கணக்கில் அவனும் இருந்தான். எதிரே ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகன் ஜெரோம் தட்டைத் தள்ளி வைத்தான்.

"ஏன்ல, சாப்பிடலியா?" என்றான் ரொசாரியோ.

"பசிக்கல."

பையன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.