நடு அறையில் நிற்பவன்

மூன்று மணி நேரம் வெளியே வேலை செய்துவிட்டு வந்தவனின் காற்றுக் குடுவை நிரம்பியே இருந்தது.

காற்றில்லாத அந்தக் கிரகத்தின் நிலையத்தில் மூன்றே பேர்: அவள், அவளுக்கு மாலையிட்டு ஏழே மாதமான வெல்டர், அவள் அண்ணி என்று கூப்பிடும், நிலையத் தலைவியான அவனுடைய அக்கா. வெளியே போய்வருபவர் யாரானாலும் இரண்டு கதவுகளுக்கு நடுவே உள்ள அறையில் நிற்க வேண்டும்; உள்ளே இருப்பவர் குடுவையில் குறைந்த அளவை, அவர் வெளியே இருந்த நேரத்தோடு ஒப்பிட்ட பிறகே அங்கே காற்றை நிரப்பி உள்கதவைத் திறக்கலாம். அந்த வேலை அவளுடையது.

இப்போதும் முதலில் தன்மேல்தான் சந்தேகப்பட்டாள். பிறவிக் குணம். போன மாதம் அளவைத் தப்பாகப் படித்து அபாயச் சங்கை ஊதி, எல்லோரையும் பதற அடித்தவள் ஆயிற்றே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அண்ணி வாரக்கணக்கில் கேலி செய்தாள். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

"நீ பாத்ததை நீ நம்பு. என் உயிரை உன் கையில குடுத்துட்டுத்தானே வெளியே போறேன்," என்றான்.

சூடேறிய ரப்பர் வாடையும் மோட்டாரின் முனகலும் சூழ, அவள் சின்ன ஜன்னல் வழியே மறுபடி பார்த்தாள். அதே உடை, இடது தோளைச் சற்றே சாய்த்து நிற்கும் அதே நிற்பு. ஆனால் முகக் கண்ணாடியில் மூச்சாவி துளியும் படியவில்லை.

"திற. களைப்பா இருக்கு," என்றது ஒலிபெருக்கியில் அவன் குரல்.

அண்ணி வந்துவிட்டாள். தம்பியை எவ்வளவு நேரம் நிற்கவைப்பாய் என்று கடிந்தாள். குடுவையைக் காட்டியதும், முள் சிக்கியிருக்கும் என்றாள். இருக்கலாம் என்றுதான் அவளுக்கும் பட்டது. கை பிடியை நோக்கி நகர்ந்தது.

"அக்கா, நீயே திற. அவளுக்கு எதையும் சரியாப் பாக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா?"

அவள் கை நின்றது. ஊரே சொல்லும் அந்த வார்த்தையை அவன் சொல்லமாட்டான். செத்தாலும் சொல்லமாட்டான்.

"இது அவர் இல்ல அண்ணி," என்று கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். அவள் குரல் நடுங்காதது அதுவே முதல் தடவை. அண்ணி அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். அவள் அசையவில்லை.

ஒலிபெருக்கியில் ஒரு சத்தம். தலைக்கவசத்தின் பூட்டு.

இரண்டாவது பூட்டு.

நடு அறையில் இன்னும் காற்று இல்லை.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கவசம் கழன்றது. அவன் முகம். மூச்சுத் திணறவில்லை. உதடு அசையவில்லை. ஒலிபெருக்கி மட்டும், திற, திற என்றது.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் தம்பி எங்கேடி?"

அதைத்தான் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனிடம் இன்னும் ஒரு மணி நேரக் காற்று இருக்கும். வெளிக் கேமராவைத் திருப்பினாள். சரிவில் ஒரு வெள்ளை உடை இறங்கி வந்தது.

பின்னால் இன்னொன்று.

இன்னொன்று.

ஏழு பேர். நிலையத்தில் இருந்ததோ மூன்றே உடைகள்.

"ஒவ்வொருத்தரா பாக்கறேன் அண்ணி. அவர் இருந்தா எனக்குத் தெரியும்."

வெளிக்கதவில் வரிசையாக நின்றார்கள். ஏழு பேரும் இடது தோளைச் சாய்த்து, கேமராவைப் பார்த்து, அவன் அவளுக்கு மட்டும் காட்டும் விதத்தில் இரண்டு விரலைத் தூக்கி மெல்ல அசைத்தார்கள்.