வலப்பக்கம் விழுந்த கட்டம்

எங்கள் எக்ஸ்ரே வண்டி கல்வராயன் மலை ஏறி முடித்தபோது காலை பத்து மணி. பனி இன்னும் விலகவில்லை. பள்ளிக்கூட வராந்தாவில் காசநோய் முகாம். புதுக் கருவி கொடுத்திருந்தார்கள். படம் எடுத்ததும் இதயத்தைத் தானே தேடிப் பச்சைக் கட்டம் போட்டுவிடுமாம். பதினாறு வருடமாக நெஞ்சுப் படம் எடுக்கிற இந்தத் தனசேகரனுக்கே பாடமா என்று சிரித்துக்கொண்டேன்.

முதல் ஆள் சின்னக்கண்ணு. படத்தில் இதயம் வழக்கம்போல இடப்பக்கம். கட்டம் மட்டும் வலப்பக்கம், ஒன்றுமில்லாத இடத்தில் விழுந்தது.

"இன்னாண்ணே, மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றாள் நர்ஸ் சந்தியா.

கருவியை அணைத்து மறுபடி போட்டேன். இரண்டாவது ஆளுக்கும் வலப்பக்கம். ஒன்பதாவது ஆளுக்கும் வலப்பக்கம்.

அந்த இடம் எனக்குத் தெரியும்.

போன தை மாதம், கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு இந்த மலையிலிருந்து செல்லியம்மாள் என்ற அம்மா வந்தார். நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டியது. "எனக்கு வலப்பக்கந்தான் அடிக்குதுங்க சாமி" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்.

"செரிம்மா, மூச்சை இழுத்துப் புடிங்க" என்றேன். மலைக்காரம்மாவுக்கு இடம் வலம் என்ன தெரியும் என்ற திமிர். அவசரத்தில், பக்கம் காட்டும் ஈய எழுத்தை எக்ஸ்ரே பலகையில் ஒட்ட மறந்தேன். இதயம் வலப்பக்கம் தெரிந்ததும் படம்தான் புரண்டிருக்கிறது என்று நினைத்து, இடவலம் மாற்றி டாக்டருக்கு அனுப்பினேன். இடப்பக்கம் கோத்திருந்த நீர், அதனால் டாக்டருக்கு வலப்பக்கம் தெரிந்தது. அங்கே ஊசியை இறக்கினார்.

அங்கே இருந்தது நீர் இல்லை, இதயம்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முகாமின் கடைசியில் அமிர்தம் என்ற பெண், இருமுகிற தன் மகள் தேவதர்ஷினியைக் கூட்டி வந்தாள். ஈய எழுத்தை இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டுப் படம் எடுத்தேன். கட்டம் வலப்பக்கமே விழுந்தது.

இந்த முறை கட்டத்துக்குள் இதயம் இருந்தது.

"எங்கம்மாவுக்கும் இப்படித்தாங்க, நெஞ்சு வலப்பக்கந்தான் அடிக்கும்," என்றாள் அமிர்தம் மெதுவாக. "செல்லியம்மாள்னு பேரு. ஆஸ்பத்திரியில சொல்லிட்டுத்தான் படுத்துச்சு. அப்பறம் பொணமாத்தான் குடுத்தாங்க. இன்னா ஆச்சுன்னே தெரிலீங்க. ஒங்களுக்கு எதுனா தெரியுங்களா சார்?"

குழந்தையின் சீட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தேன்.

"தெரியலம்மா."

குழந்தையின் சீட்டில் 'இதயம் வலப்பக்கம்' என்று எழுதி மூன்று முறை அடிக்கோடு போட்டுக் கொடுத்தேன். இதோடு கணக்குத் தீர்ந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எல்லோரும் போய்விட்டார்கள். சந்தியா வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தாள். பலகை முன்னால் யாரும் இல்லை. கருவியைச் சோதிக்க ஒரு படம் எடுத்தேன். திரை முழுக்கக் கறுப்பு.

வலப்பக்கம் பச்சைக் கட்டம்.

அது விரிந்தது. சுருங்கியது. மறுபடி விரிந்தது.

என் காதருகே, மிக மெதுவாக, ஒரு பெண்குரல் கேட்டது.

"மூச்சை இழுத்துப் புடிங்க சாமி."

பிடித்தேன்.

விடச் சொல்லி இன்னும் குரல் வரவில்லை.