வயிற்று வழியே ஒரு கொலை!

போன் அலறியது.

இந்தோனேசியாவின் சோலோ நகரக் காவல் நிலையத்தில் காபியை ஆற்றிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் ரெத்னோ, எரிச்சலோடு எடுத்தாள்.

"கொலை நடக்கப் போகுது!" கரகரத்த, ரகசியக் குரல்.

"எங்க?"

"ஆத்துப் பாலத்து ஆஸ்பத்திரி... ஆபரேஷன் தியேட்டர்! சுரத்தினான்னு ஒரு கிழவி. வயித்தைக் கிழிச்சா அவ எந்திரிக்கவே மாட்டா!"

"நீங்க யாரு?"

டொக்!

காபி அப்படியே கிடந்தது. ரெத்னோவின் பைக் பறந்தது.

ஆபரேஷனுக்குக் கை கழுவப் போன டாக்டர் ஹெந்தார்த்தோவை வாசலிலேயே மறித்தாள்.

"கொலையா?" டாக்டர் சிரித்தார். "அந்தம்மாவுக்கு மலக்குடல் வெளிய இறங்கிடுது. தூக்கி வைக்கப் போறேன். அவ்ளோதான் மேடம்!"

"வயித்தைக் கிழிச்சா?"

"ரெண்டு வழி இருக்கு. வயித்து வழியா போய், குடலை மேல இழுத்து எலும்போட சேர்த்துத் தைக்கலாம். லேசுல திரும்ப இறங்காது. ஆனா முழு மயக்கம் வேணும். இல்லன்னா, கீழ வழியாவே, இறங்கினதை வெட்டித் தைக்கலாம். முதுகுல ஒரு ஊசி போதும், உடம்பு தாங்கும். என்ன... மறுபடி இறங்க வாய்ப்பு அதிகம்."

"நீங்க எது?"

"வயித்து வழி. மூத்த பையன் அதான் கேட்டார். இதய டாக்டரும் சரின்னுட்டாராம்."

"யாரு சொன்னது?"

"பையன்தான்..."

"அந்தம்மாகிட்ட கேட்டீங்களா?"

டாக்டர் அவளை விநோதமாகப் பார்த்தார். "நம்ம ஊர்ல நோயாளிகிட்ட யாரு மேடம் கேக்குறாங்க?"

ரெத்னோவுக்குச் சுருக்கென்றது. அப்பாவின் ஆபரேஷனுக்கு அவளும்தான் கேட்கவில்லை!

"என்ன டாக்டர், இன்னும் ஆரம்பிக்கலையா?"

மூத்த மகன் விசக்சோனோ. பளபளக்கும் பாத்திக் சட்டை. நிலைகொள்ளாத கால்கள்.

"இதய டாக்டருக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல!" என்றாள் ரெத்னோ.

"முழு மயக்கமா?" மறுமுனை அலறியது. "வேணவே வேணாம்! இதயம் பாதிதான் வேலை செய்யுதுன்னு அவங்க பையன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

விசக்சோனோவின் முகம் வெளிறியது. டாக்டர் ஹெந்தார்த்தோவின் முகமும்தான்.

"கிழவி வீட்டை ஹோட்டலுக்கு விட மாட்டேங்குறா! நான் வேற என்ன..."

உளறியவன் ஓடினான்.

லிஃப்ட் திறப்பதற்குள் ரெத்னோவின் கை அவன் காலரில் இருந்தது. விலங்கு மாட்டிவிட்டு மூச்சு வாங்கினாள்.

"சரி... எனக்குப் போன் பண்ணது யாரு? மருமகளா?"

"நான்தான்!"

அதே கரகரப்பு!

தியேட்டர் வாசலில் கிடந்த தள்ளுவண்டியில் போர்வை விலகியது. சுருக்கம் விழுந்த கையில் ஒரு போன்!

"இபு... அம்மா, நீங்களா?"

"இதய டாக்டர் அவன்கிட்ட சொன்னப்ப பக்கத்துலதாம்மா உக்காந்திருந்தேன். யாரும் என் முகத்தைக்கூடப் பாக்கலை." சுரத்தினாவின் கண்கள் நிறைந்தன. "இந்த டாக்டர்கிட்ட ரெண்டு தடவ சொன்னேன். 'பையன் பாத்துக்குவார், படுங்க'ன்னாரு. அவனும் பாத்துக்கத்தான் இருந்தான்..."

ஹெந்தார்த்தோ தலைகுனிந்து வண்டியருகே வந்தார்.

"மன்னிச்சிருங்க இபு. இப்பக் கேக்குறேன். கீழ வழியா பண்ணட்டுமா? மறுபடி இறங்கினாலும் இறங்கலாம்."

கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கீழ இறங்கினா இறங்கட்டும் டாக்டர்... நான் மேல போகாம இருந்தா சரி!"