மூத்தவளின் பிளேட்டு

இருபது இசைத்தட்டுகளும் அந்த அலமாரியில் ஒன்றாகத்தான் நின்றன. ஒரே மழை, ஒரே ஈரம், இடையில் செருகிய ஒரே வேப்பிலை. பூசணம் மட்டும் ஒன்றில்தான் பூத்தது. நேற்று ஜோதியம்மாள் தன் கையால் துடைத்து, நிழலில் உலர்த்தி, புது உறையில் போட்டு வைத்த தட்டு. காலையில் உருவினால் முகம் முழுக்க வெள்ளை. அந்த வெள்ளையில் நான்கு விரல்கள் பதிந்திருந்தன. தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. அவை மெலிந்து நீண்டிருந்தன.

அது சரசம்மாவின் தட்டு. ராமப்பனின் மூத்த தாரம். பெங்களூர் போய் ஒரே ஒரு பாட்டைப் பாடிக் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். ஜோதியம்மாளை இரண்டாம் தாரமாகக் கட்டியது என்னவோ தட்டுத் துடைக்கத்தான். இருக்கிறவள் இருமினால் திரும்பிப் பார்க்காத மனுஷனுக்கு, செத்தவள் குரலில் ஒரு கீறல் விழுந்தால் சோறு இறங்காது.

“ராயக்கோட்டை போயிட்டுப் பொழுது எறங்க வந்துருவேன். அவ குரலுக்கு ஏதாவது ஆச்சு, உன்ன ஊத்தங்கரைக்கே பஸ் ஏத்திருவேன்” என்று சொல்லிவிட்டுத்தான் இன்றும் கிளம்பினான்.

ஊத்தங்கரையில் தாய் வீடு. அங்கே கல்யாணத்துக்குக் காத்திருக்கும் இரண்டு தங்கைகள். இவள் திரும்பிப் போனால் மூன்று பேர் வாழ்க்கையும் மண்.

சாணி அள்ள வந்த கெம்பம்மா வாசலிலிருந்தே தட்டைப் பார்த்தாள். “மூத்தவளுக்குப் புடவ வெச்சுக் கும்புடாத வீடும்மா இது. வேற என்னா பூக்கும்?”

ஜோதியம்மாள் முன்பே புடவை வாங்கிக்கூட வைத்திருந்தாள். சுமங்கலியாய்ச் செத்தவளைப் பூவாடைக்காரியாக நினைத்துப் படைக்கலாம் என்றபோது ராமப்பன் சிரித்தான். “செத்தவளுக்குத்தான்டி படையல். அவ இங்கதான பாடிக்கிட்டிருக்கா.” புடவை டிரங்குப் பெட்டிக்குள் போனது.

மத்தியானம் மழை வலுத்தது. ஓட்டிலிருந்து இறங்கிய தண்ணீர் பித்தளை அண்டாவில் விழுந்து விழுந்து ஒரே தாளமாய்க் கேட்க, ஈரச் சுவரின் நெடிக்கும் கொட்டகைச் சாணத்தின் நெடிக்கும் நடுவே மெல்ல மரிக்கொழுந்து வாசம் வந்தது. இந்த வீட்டில் மரிக்கொழுந்து வைத்துக்கொள்கிறவள் யாரும் இல்லை. சரசம்மா வைப்பாளாம்.

பூந்திக்கொட்டைத் தண்ணீரில் துணியை நனைத்து, கோடு போன போக்கிலேயே துடைத்தாள். வெள்ளை போயிற்று. துணியைப் பிழிந்துவிட்டுத் திரும்பினால் மறுபடியும் வெள்ளை. மறுபடியும் நான்கு விரல்கள்.

ஜோதியம்மாளுக்கு வயிறு எரிந்தது. “அடிப்பாவி! இருந்தப்பவும் நீதான் ராணி, செத்தும் நீதானா?”

வீட்டில் காய்ந்த துணி ஒன்றுகூட இல்லை. பெட்டியைத் திறந்தாள். படைக்க வாங்கிய புடவையின் முந்தானையைக் கிழித்தாள். ஸ்டவ் பற்ற வைக்கும் ஸ்பிரிட்டை அதில் ஊற்றினாள். லாந்தர் கண்ணாடிக் கரியே போகிறது, இது போகாதா?

போயிற்று. கூடவே கறுப்பும் வந்தது. தட்டை வார்த்தது அரக்கில். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? கோடுகள் குழைந்து, தட்டு வழவழவென்று ஆகிவிட்டது. கறுப்பெல்லாம் அவள் வலது உள்ளங்கையில்.

சாம்பல் போட்டுத் தேய்த்தாள். செங்கல்லில் தேய்த்தாள். போகவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் கையை விரித்தாள்.

கோடுகள். வட்டத்துக்குள் வட்டமாய், மயிரிழைக் கோடுகள்.

தெரியாமல் நகம் பட்டது.

உள்ளங்கையில் யாரோ மூச்சு இழுத்தார்கள். பாட ஆரம்பிக்குமுன் இழுக்கும் மூச்சு.

பொழுது இறங்க ராமப்பன் வந்தான். குடையை மடக்கினான். வழவழத்த தட்டைப் பார்த்தான்.

“அடிங்க. தாங்கிக்கறேன்” என்று ஜோதியம்மாள் அழுதாள். “ஊருக்கு மட்டும் அனுப்பிறாதீங்க.”

அவன் அடிக்கவில்லை. அவள் மறைத்திருந்த கையை இழுத்து விரித்தான். வெகுநேரம் பார்த்தான். முகம் மலர்ந்தது. கட்டிய நாளிலிருந்து அவன் அவள் கையை மெதுவாகப் பிடித்தது அன்றுதான்.

“எங்கயும் அனுப்பமாட்டேன்” என்றான்.

கிராமபோன் முன் உட்கார வைத்தான். தட்டு இருக்கும் இடத்தில் அவள் கையை மல்லாத்தி வைத்து, மணிக்கட்டை முழங்கையால் அழுத்திக்கொண்டான். ஒவ்வொரு பாட்டுக்கும் புது ஊசி போடுகிறவன் அவன். டப்பியிலிருந்து ஒன்றைப் பொறுக்கிப் பொருத்தினான்.

“ஆட்டாத, சரசு.”

ஊசி இறங்கியது.

ஜோதியம்மாள் அலற வாயைத் திறந்தாள். வந்தது பாட்டு.