பரிமளாவின் உதை

கோவையின் அந்தத் தேக்வாண்டோ கூடத்தில் உதைச் சத்தம் கேட்டு ஒரு வருடமாகிறது. நாற்பது பிள்ளைகள் சிந்தைத்தொப்பி மாட்டிக்கொண்டு பாயில் மல்லாந்து கிடப்பார்கள். தேர்ந்த ஒருவர் உதைக்கும்போது அவர் மூளையில் ஓடியதைத் தொப்பி அப்படியே பிள்ளைகளின் மூளையில் ஓட்டும். பதினோரு நாளில் உதை படிந்துவிடும். வியர்வை இல்லை, சுளுக்கு இல்லை, பெற்றோருக்கு ஏக சந்தோஷம்.

மாநிலம் முழுக்கப் படிந்திருந்தது முன்னாள் சாம்பியன் பரிமளாவின் சுழலுதை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது.

மாநில அணித் தேர்வன்று அது இறங்கியது. மார்புக்கவசத்தில் உதை பலமாக விழுந்தால்தான் புள்ளி ஏறும். முப்பது ஆட்டங்களும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். உதைகள் அழகாகத்தான் எழுந்தன. கவசத்தைத் தொட்டதும் சொல்லிவைத்தாற்போல் தளர்ந்தன. ஒரு மாதம் கழித்து மறுதேர்வு என்றார்கள்.

தொப்பிகளைப் பராமரிக்கும் பொறியாளர் தாவூத் பரிமளாவின் மூளைப் பதிவைத் துருவிப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"மேடம், பதிவு அன்னிக்கு எதிர்ல உதை வாங்கற பேட் பிடிச்சது யாருங்க?"

"வர்றேன்னவன் வரலீங்க. எம் பொண்ணு கயல்தான் பிடிச்சா. ஏனுங்க?"

"கடைசி நொடியில காலை இழுத்துப் பிடிச்சிருக்கீங்க. அதையும் சேர்த்துத்தான் புள்ளைங்க கத்துக்கிச்சுங்க."

பரிமளாவுக்கு வெட்கமாகிவிட்டது. கயலுக்கு ஜூனியர் பிரிவில் இது கடைசி வருடம். தன்னால் அவள் வாய்ப்புப் போய்விடக்கூடாதே என்று பதறினாள்.

மறுபதிவுக்கு மணல்மூட்டையைத் தொங்கவிட்டார்கள். "இந்தத் தடவை வேண்டாத ஆளு யாரையாச்சும் நெனச்சுக்குங்க" என்றார் தாவூத். கயலோடு மோதவிருக்கும் ஈரோட்டுப் பெண் நிவேதிதாவை நினைத்துக்கொண்டாள் பரிமளா. மூட்டை கிழிந்து மணல் கொட்டியது.

பதிவு அன்றே எல்லா மாவட்டங்களுக்கும் போனது. ஈரோட்டுக்கும்தான். கயல் ஜெயிக்க வேண்டும் என்ற அவசரத்தில் பரிமளா அதை யோசிக்கவே இல்லை.

மறுதேர்வில் இருவரும் சமநிலையில் இருந்தபோது நிவேதிதாவின் இடுப்பு திரும்பியது. பார்த்ததுமே பரிமளாவுக்குத் தெரிந்துவிட்டது.

"கயலு, விலகு!"

உதை விழுந்தது. கயல் விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பரிமளா ஓடிப்போய் மகளை மடியில் சாய்த்துக்கொண்டபோது, நிவேதிதா பக்கத்தில் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்கு இவ மேல கோவமே இல்லீங்க ஆன்ட்டி. எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலீங்க."

பரிமளாவுக்குத் தெரியும். பக்கத்துக் களத்தில் அடுத்த பிள்ளை விழுந்தது.