யேசுதாஸின் கூறு

நாய் வாலாட்டியது. அவ்வளவுதான். அதற்கே ஜெயராஜ் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்துவிட்டான்.

கூட்டாளி யேசுதாஸ் செத்த நாளிலிருந்து வாலை ஒருதரம்கூட அசைக்காத நாய் அது. அவன் வளர்த்த நாய். அவன் பெண்சாதி சாராள் தீனி போட வழியில்லாமல் ஜெயராஜ் வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தாள். இப்போது, மழை கட்டிக்கொண்டு இருண்ட சாயங்காலத்தில், திறந்து கிடந்த பின்வாசலைப் பார்த்து, வேலை முடிந்து வருகிற எஜமானைக் கண்டதுபோல் உடம்பெல்லாம் குழைந்து நின்றது. வாசலில் யாருமில்லை. தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வழக்கமாக வரும் இரும்புப் புகை நாற்றத்தோடு இன்னொன்றும் கலந்து வந்தது. பன்றி மயிரைத் தீயில் வாட்டும் நாற்றம்.

மழை பிடித்தது. கரண்ட் போயிற்று. பெண்சாதி ஹெலன் கம்பெனி ஷிப்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் அவனும் மகள் ஜெபாவும்தான்.

"நைனா, ராக்கி யாரைப் பாத்துக்கினு கீது?"

"யாரும் இல்ல கண்ணு. நீ உள்ள போய் குந்து."

வருஷமெல்லாம் ரோலிங் மில்லில் சூப்பர்வைசருக்குத் தலையாட்டுகிறவர்கள் காணும் பொங்கலன்று ஒருநாள் ஈட்டி பிடிப்பார்கள். கம்பெனி மதில்களுக்குப் பின்னால், ஏரிக்கரைப் புதரில் காட்டுப்பன்றி வேட்டை. விழுந்ததை இலைகளில் கூறு போடுவார்கள். ஒருத்தன் முதுகைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். இன்னொருத்தன் ஒரு கூறின்மேல் கையை வைத்து, "இது யாருக்கு?" என்பான். திரும்பி நிற்பவன் வாயில் வரும் பேருக்கு அது போகும். கேட்பவன் பேர் சொல்ல மாட்டான், சொல்பவன் கூறைப் பார்க்க மாட்டான். பங்கு பிரிப்பது மனுஷன் இல்லை, காடுதான் என்று அதற்கு அர்த்தம். சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது. நாய்க்கும் கூறு உண்டு, வேட்டையில் செத்தவனுக்கும் உண்டு. ஒருத்தன் கூறு விடுபட்டாலும் அந்த வேட்டை முடியாது.

எப்போதும் கேட்பவன் யேசுதாஸ். மில்லில் நெருப்புப் பட்டு இரண்டு விரல்கள் ஒட்டிப்போன கை அவனுக்கு. எப்போதும் பேர் சொல்பவன் ஜெயராஜ்.

இந்தத் தடவை பன்றி திரும்பி யேசுதாஸின் தொடையைக் கிழித்துவிட்டது. உயிர் இருந்தது. தண்ணீர் கேட்டான்.

"ஆஸ்பத்திரிக்கு தூக்கினு போனா கேஸ் ஆயிடும் மச்சான்," என்றான் ஹெலனின் அண்ணன் அந்தோணி. "வேலயும் பூடும். முதல்ல பன்னிய தூக்கு."

பன்றியைத்தான் முதலில் தூக்கினார்கள். பாவிகள்! திரும்பி வந்தபோது அவன் ஆறிப்போயிருந்தான். புதுவாயல் ரோட்டோரம் கிடத்திவிட்டு, லாரி அடித்ததென்று ஊரை நம்பவைத்தார்கள். கூறு போடும்போது அந்தோணி கேட்டான், ஜெயராஜ் சொன்னான். யேசுதாஸ் பேரை மட்டும் முழுங்கிவிட்டான். கறி போனால் சாராளுக்கு விஷயம் தெரிந்துவிடுமே.

"ரோட்டாண்ட எதுக்கு போச்சுன்னே தெரிலண்ணா," என்று சாராள் இவன் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். கூடவே இவனும் அழுதான். அந்த அழுகையை நினைத்தால் இவனுக்கே இவன்மேல் காறித் துப்பத் தோன்றும்.

சளக்.

பின்புறம் ஈரத் தரையில் இலை விழும் சத்தம். மறுபடி. சளக். யாரோ நிதானமாகக் கூறு போடுகிறார்கள்.

ஜெயராஜ் அடுப்பங்கரைக்கு ஓடினான். அன்றைய பன்றிக்கறியில் மிச்சம் உப்புக்கண்டமாக அங்கே கொடியில் தொங்கியது. பறித்தெடுத்தான். வாழையிலைத் துண்டில் வைத்துப் பின்வாசல் படியில் போட்டான். கொடுத்துத் தொலைத்துவிடலாம். கொடுத்துவிட்டால் போய்விடுவான். பிள்ளை இருக்கும் வீடு, கர்த்தாவே!

முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றான். கண்ணை மூடிக்கொண்டான்.

"கேளுடா," என்றான்.

மழை. நாய் மூச்சு வாங்கும் சத்தம். கொலுசு மாதிரி என்னவோ கிணுங்கியது. தகரத்தில் சொட்டுகிற தண்ணீர் என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு, தாகத்தில் வறண்ட அந்தக் குரல்.

"இது யாருக்கு?"

"யேசுதாஸுக்கு!" என்று அலறினான். "யேசுதாஸுக்குத்தான்! சொல்ட்டேன்டா... சொல்ட்டேன்..."

அப்பாடா. இத்தனை நாள் நெஞ்சை அடைத்துக் கிடந்த பேர் வெளியே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

படியில் உப்புக்கண்டம் வைத்த இடத்திலேயே நனைந்துகொண்டிருந்தது. யாரும் தொடவில்லை.

பக்கத்தில் ஜெபா. நாயைத் தேடி வந்தவள், காலில் கொலுசு.

அவள் உச்சந்தலைமேல் ஒரு கை.

இரண்டு விரல்கள் ஒட்டிய கை.

பேர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தான். சொன்னால் சொன்னதுதான், வேறு பேர் வாயில் வரவில்லை. கை அவள் தலையை மெல்லத் திருப்பி, மழைக்குள், இலைகள் விரித்துக் கிடந்த பக்கம் நடத்திக்கொண்டு போனது. வாலை ஆட்டிக்கொண்டு நாயும் கூடவே போனது.