அணுவுணரி

சோடியம் எப்படி இருக்கும் என்று கேட்டால், தூத்துக்குடியின் அந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பெண்கள் நிறத்தைச் சொல்வதில்லை. "உடம்பெல்லாம் அரிக்கும் டீச்சர்" என்பார்கள்.

அணுவுணரி வந்து ஓராண்டாகிறது. நெற்றியில் கட்டிக்கொள்ளும் மெல்லிய பட்டை. கட்டியவர் சிறிது நேரம் அணுவாகவே ஆகிவிடுவார். சோடியத்தின் வெளிச்சுற்றில் ஒட்டியிருக்கும் ஒற்றை எலெக்ட்ரான் எவ்வளவு பெரிய தொல்லை, அதைத் தொலைத்ததும் எவ்வளவு நிம்மதி என்பதெல்லாம் உடம்பிலேயே தெரியும். சமன்பாடுகளை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. வகுப்பு முழுக்க நூற்றுக்கு நூறு.

வேதியியல் ஆசிரியை நிறைமதிக்கு அதுதான் உறுத்தியது. வினாத்தாளை மாற்றினாள், இடம் மாற்றி உட்கார வைத்தாள். மதிப்பெண் குறையவில்லை. தலைமையாசிரியை சிரித்தார். "பிள்ளைக புரிஞ்சு படிக்குது. அதையும் சந்தேகப்பட்டா எப்படி?"

பிறகு ஆய்வகத்தில் சோடியம் குறைந்தது. மண்ணெண்ணெயில் மூழ்கிக் கிடந்த ஒன்பது துண்டுகளில் நான்குதான் மிச்சம்.

மதிய இடைவேளையில் நிறைமதி கதவுக்குப் பின்னால் மறைந்து நின்றாள். வந்தது ஜெசிந்தா, மொத்த மதிப்பெண்ணில் முதலாவதாக வருபவள். புட்டியைத் திறந்து இடுக்கியை எடுத்தாள்.

"ஏட்டி, என்ன செய்யுத? தண்ணி பட்டா வெடிக்கும்னு தெரியாதா?"

ஜெசிந்தா பதறவில்லை. "தெரியும் டீச்சர். பாவம்லா, எத்தனை வருசமா உள்ள அடைச்சு வச்சிருக்கிய? தண்ணில விட்டாத்தான் அந்த எலெக்ட்ரான் தொலையும்."

"யாருட்டி இப்படிச் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல. நீங்க ஒரு தடவைகூட பட்டையைக் கட்டிப் பாக்கலியா?"

கருவி பிள்ளைகளின் மண்டைக்குள் வேறு எதையோ ஏற்றுகிறது என்று நிறைமதிக்கு உறுதியாயிற்று. புகார் எழுத ஆதாரம் வேண்டும். ஐந்தே நிமிடம் என்று சொல்லிக்கொண்டு, சோடியம் பாடத்தைத் தேர்ந்து பட்டையைக் கட்டினாள்.

கழற்றியபோது கன்னம் நனைந்திருந்தது. கருவி பொய் எதையும் ஏற்றவில்லை. பாடத்தைத்தான் நடத்தியிருந்தது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. சாரல் சன்னல் வழியாக மேசைவரை வந்தது. திறந்த புட்டிக்கு இன்னும் ஒரு சாண்.

"மூடிரட்டுமா டீச்சர்?" என்றாள் ஜெசிந்தா, அரைமனதாக.

மூடச் சொல்ல வேண்டும். தவறினால் விரல் போகும், கண் போகும் என்பது நிறைமதிக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மேசைமேல் கிடந்த மூடியை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

மணி அடித்தது. மற்ற பெண்கள் முப்பத்தேழு பேரும் உள்ளே வந்து, சத்தமில்லாமல் மேசையைச் சுற்றி நின்றார்கள். சன்னலை ஒட்டி நின்றவள் கையைத் தூக்கி, அதை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்துவிட்டாள்.